முடிந்தது என்று முந்தி எழுதியவள்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பெரியப்பா; அவருடைய தம்பி; தம்பியின் மனைவி; சிறுவயதிலிருந்தே கட்டெறும்பு என்று அழைக்கப்படும் அவர்களுடைய ஒரே மகள்; அவளுடைய கணவர், அதாவது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை; பெரியப்பாவின் தங்கை, அதாவது கட்டெறும்பின் அத்தை; ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுத்த பிறகும் போகாத கீழ்வீட்டுக்காரர். ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று இனிமேல் யாராவது சொன்னால், அவர் அந்த ஏணியாக இருந்தால்தான் உண்டு.

பட்டியலை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உறவுக்காரர்களின் கைபேசிக் குழுவில் ஒரு நாள் காலையில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. "நம்ம கட்டெறும்பு ஏதோ பட்டனைத் தட்டினதுல ஊருலகத்து ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரெல்லாம் அழிஞ்சுபோச்சாமே, வேலையை விட்டும் தூக்கிட்டாங்களாமே?" கேட்டவன் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மகன். அவன் கேள்விக்குக் கீழே வரிசையாக வாய் பொத்திய முகங்கள். ஒருவராவது "யார் சொன்னது?" என்று கேட்கவில்லை.

பெரியப்பா ஒரு மறுப்பு எழுத உட்கார்ந்தார். நாலு வரியில் முடித்துக் குழுவில் போட்டுவிடுவது என்பது திட்டம். மூன்று வரி சரியாக வந்தது. நாலாவது வரி "ஆனால்" என்று தொடங்கியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கதை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. இதுதான் இக்கதை பிறந்த விதம். இதைவிடப் பெருமையான பிறப்பு இதற்கு இல்லை.

(எழுதுகிறவர் பெரியப்பாதான். தன்னை 'நான்' என்று எழுத மாட்டார். லிப்ட் ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் "ஆய்வாளர் பார்வையிட்டார், ஆய்வாளர் திருப்தியடையவில்லை" என்றே எழுதிப் பழகியவர். தவிர, குடும்பத்தின் மானத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'நான்' என்ற சொல் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவது அவருக்கு ஒவ்வாது.)

2

முதல் தொடக்கம்: "நேர்மைக்குப் பெயர்போன ஒரு குடும்பத்தில் பிறந்த—"

விடப்பட்டது. கட்டெறும்பு தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பெயர் போன குடும்பம்தான் பெரியப்பா, எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: "கணினியின் அடிவயிற்றில் ஓயாமல் உழைக்கும் ஒரு—"

விடப்பட்டது. அடிவயிறு என்றதும் தங்கை இதை மருத்துவக் கதை என்று எடுத்துக்கொண்டு, தன் பித்தப்பையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது தொடக்கம்: "தேள் என்று அழைக்கப்படும் ஒருவன், தான் செய்த தவற்றை ஓர் அப்பாவிப் பெண்ணின் தலையில் கட்டப் பார்த்த—"

இந்த வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று சண்டையில்லாமல்தான் இருந்தன. இலக்கணப்படி குற்றமில்லை. படிப்பவர்களுக்கும் பிடித்திருக்கும். ஒரே குறை, நடந்தது இது இல்லை. அடித்த பிறகும் கீழே தெரியும்படி விட்டிருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள நீங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

3

கட்டெறும்பின் வேலையைச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. பெரியப்பா நகர்த்திப் பார்த்தார். அவள் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளாகத் தெரிந்தாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடந்து, கணினியின் உறுப்புகளிடம் வேலை வாங்கும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதற்குள் ஃபைல் சிஸ்டம் என்று ஒரு மாட்யூல். நீங்கள் எதையாவது சேமித்தால் அது வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், எங்கே போய் உட்கார வேண்டும், எந்தப் பெயரில், மறுபடி கேட்டால் எங்கிருந்து எடுத்துத் தருவது, எல்லாம் அதன் பொறுப்பு. அந்த மாட்யூலைக் கட்டெறும்பும், அவள் முகம்பார்த்தறியாத பல நாட்டு ஆட்களும், எல்லாரும் படிக்கும்படி கடிதம் எழுதி எழுதிச் செதுக்குகிறார்கள். ஒரு மாற்றம் செய்தால் அதற்குப் பேட்ச் என்று பெயர். பேட்சின் அடியில் எழுதியவர் முழுப்பெயரைப் போட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகு அழிக்க முடியாது. கல்வெட்டைக் கூடச் சுண்ணாம்பு பூசி மறைக்கலாம், இதை முடியாது.

கட்டெறும்பு தன் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயரைப் போட்டுக்கொள்கிறாள். அதாவது பெரியப்பாவின் அப்பா பெயரை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் தொழில். ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, முதலில் அதன் உள்ளடக்கம் வட்டில் இறங்க வேண்டும். இறங்கிவிட்டது என்று வட்டு பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே 'முடிந்தது' என்று ஒரு குறி எழுதப்படும். நடுவில் மின்சாரம் போய்விட்டால், திரும்ப உயிர் வந்ததும் கர்னல் அந்தக் குறியைத்தான் தேடும். குறி இருந்தால் நம்பிவிடும். இல்லையென்றால் அரைகுறையாகக் கிடப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு இது சொன்ன உடனே விளங்கிவிட்டது. லிப்டில் கதவின் பூட்டு விழுந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். பூட்டு விழட்டும் என்று காத்திருக்கும் அந்தக் கணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருவன் நினைத்தால் அவன் கையில் லிப்டைக் கொடுக்கக் கூடாது.

கட்டெறும்பு நினைத்தாள்.

(இந்த வாக்கியம் இங்கே வந்திருக்கக் கூடாது. அடுத்த பகுதியில், அவள் வாயால் வர வேண்டியது. முந்திக்கொண்டது. இருக்கட்டும், முந்திக்கொள்வதுதான் இந்தக் கதையின் நோயே.)

சில ஆண்டுகளுக்கு முன் அவள் அனுப்பிய பேட்ச் அது. உள்ளடக்கத்தையும் 'முடிந்தது' குறியையும் அடுத்தடுத்து வட்டுக்குத் தள்ளிவிடலாம், நடுவில் நின்று பதில் கேட்க வேண்டியதில்லை, வட்டு வரிசை மாறாமல் எழுதிவிடும் என்று கணக்குப் போட்டாள். சேமிக்கும் வேகம் கூடியது. அந்த மாட்யூலுக்குப் பொறுப்பாளராக இருக்கும் மனிதர், "சரி" என்பதற்கு மேல் ஒரு சொல்லை வீணாக்காதவர், "நன்று" என்று எழுதினார். அந்த ஒற்றைச் சொல்லைப் பெரியப்பா உறவு வட்டம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பொறுப்பாளர் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடத்துக்குக் கட்டெறும்பைத்தான் நினைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது, "உலகத்துல யார் எதைச் சேமிச்சாலும் இனிமே நம்ம பொண்ணைக் கேட்டுக்கிட்டுத்தான்" என்று சொல்லியும்விட்டார். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. எங்கோ ஒரு சிறிய மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் பெண் எழுதியிருந்தார். மின்சாரம் போய் வந்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு குழந்தையின் கோப்பும் இருக்கிறது. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு கூடச் சரியாக இருக்கிறது. திறந்தால் உள்ளே வெறுமை. மரியாதையான கடிதம். "குழந்தைகளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். நல்ல பிள்ளைகள், வருவார்கள். ஆனால் இது ஏன் நடந்தது என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்" என்று முடித்திருந்தார்.

எல்லார் பார்வையும் தேள் மேல் போனது.

4

தேள் என்பது மாப்பிள்ளை வைத்த பெயர். அந்த ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கடிதம் முழுவதும் சாதுவாகப் போய், கடைசி வரியில் கொட்டுவார். ஒரு முறை கட்டெறும்பின் பேட்சுக்குக் கீழே, "இதை எழுதியவர் ஒரு வட்டை நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டிருந்தார். கட்டெறும்பு சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பெரியப்பா மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

அதே இடத்தில், அண்மையில் கைவைத்தவர் தேள். ஆகவே குற்றவாளி அவர்தான் என்று ஆளுக்காள் எழுத, அவர் மாற்றத்தைப் பிடுங்கி எறிவது என்றும், இனி அந்தப் பக்கம் அவரைக் கைவைக்க விடக்கூடாது என்றும் பேச்சு முற்றியது. தேள் "நான் இல்லை" என்று எழுதினார். எழுதிய தொனிக்கு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருந்தால்கூடக் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்கும்.

கட்டெறும்பின் அறையில் அலமாரித் தட்டு நிறையப் பழைய கணினிகள். அவை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து மறுபடி கொடுக்க ஒரு பெட்டி. நாள் முழுவதும் டிக், டிக் என்று கேட்கும். தம்பியின் மனைவி அந்த அறைக்கு ஐ.சி.யூ. என்று பெயர் வைத்திருந்தாள். தேளின் மாற்றத்தை எடுத்துவிட்டு, வெறுமையான கோப்புகள் வருவது நிற்கும் என்று கட்டெறும்பு காத்திருந்தாள். நிற்கவில்லை. அப்புறம் வேறு ஏதேதோ எடுத்துப் பார்த்தாள். கடைசியில், கதவைச் சாத்திக்கொண்டு, தன்னுடையதை எடுத்தாள்.

நின்றுவிட்டது.

(கதவைச் சாத்தினாள் என்பது பெரியப்பாவின் ஊகம். கேட்டதற்கு, "சாத்தினேனா? தெரியல பெரியப்பா. சாத்தியிருப்பேன்" என்றாள். பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் பாத்திரத்தையே கேட்டுக்கொள்ள முடிவது இந்தக் கதையில் உள்ள ஒரு வசதி. கேட்ட பதிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருப்பது அசௌகரியம்.)

5

விடுமுறை நாள் பகல். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே யாரோ கார் கழுவும் சத்தம். கீழ்வீட்டுக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாய்ந்தது போதுமா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் கட்டெறும்பு. "முடிக்கிறவரைக்கும் யாரும் நடுவுல பேசாதீங்க."

"விசேஷமா?" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல அத்தை."

"அப்ப நடுவுல பேசினா என்ன?"

"காது டெஸ்ட் பண்ற அந்த அம்மாவோட ஃபைல்லாம் வெறுமையானதுக்குத் தேள் காரணம் இல்ல. நான்தான். என்னோட பழைய பேட்ச்."

யாரும் பேசவில்லை. கேட்டுக்கொண்டதற்கு மதிப்புக் கொடுத்து அல்ல.

முதலில் வாய் திறந்தவன் தம்பி. "நல்லாப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேம்பா. திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லா வட்டும் சொன்ன வரிசையில எழுதாது. சிலது தன் இஷ்டத்துக்கு மாத்திக்கும். 'முடிஞ்சது'ங்கற குறி முதல்ல உள்ள போயிடும். மத்தது போறதுக்குள்ள கரண்ட் போனா..." கையை விரித்தாள்.

"பொண்ணுக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடியே மொய் எழுதின மாதிரி," என்றார் கீழ்வீட்டுக்காரர். அவரை யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "தப்பைச் சரி பண்ணத் தெரியுமில்ல?"

"பண்ணியாச்சு. பழையபடி நின்னு பதில் கேட்கச் சொன்னா போதும்."

"அப்புறம் என்ன? அந்தத் திருத்தத்தை மட்டும் அனுப்பு. மேம்படுத்தினேன்னு எழுது. யார் தப்பு, எவர் தப்புன்னு அதுல எதுக்கு?"

"அப்படி எழுத முடியாது பெரியப்பா. எந்த மாத்தத்தைச் சரி பண்றோம்னு ஒரு வரி போடணும். அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா என் பேர்ல போய் நிக்கும்."

"உன் பேர்ல மட்டுமா நிக்கும்?"

தம்பி தரையைப் பார்த்தான். பெரியப்பாவின் அப்பா அவனுக்கும் அப்பாதான்.

அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு எப்போதும் வரும். "மாப்பிள்ளை பேரைப் போட்டுட்டா? கல்யாணம்தான் ஆயிடுச்சே."

மாப்பிள்ளை கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கே அத்தை. 'நன்று'ன்னு வந்தப்போ உங்க அப்பா பேரு, உதை வரும்போது என் பேரா? நான் பாட்டுக்குக் கண்ணாடி வித்துக்கிட்டிருக்கேன்."

சிரிப்பு வந்தது. பெரியப்பாவுக்கு வரவில்லை.

"இதோ பாரும்மா," என்றார். "அந்தத் தேள் யாரு? ஊரு தெரியாது, முகம் தெரியாது. பழி அவன் மேல இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா அவன் ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டான். பொறுப்பு உன் கைக்கு வரட்டும். வந்தப்புறம் நீயே அவனைக் கூப்பிட்டு நல்லபடியா வெச்சுக்கோ. உன்னை என்ன கேள்வி கேட்டான்? வட்டை நேர்ல பார்த்திருக்கியான்னு கேட்டானா இல்லையா?"

"கேட்டாரு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அவர் கேட்டது சரியாப் போச்சே பெரியப்பா. நான் பார்க்கத்தான் இல்ல."

இந்த இடத்தில் பெரியப்பா ஒரு பதில் சொன்னதாக எழுதிப் பார்த்தார்: "உண்மைதான், மகளே, வாய்மையே—" (விடப்பட்டது. அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்:)

"சரி, அவனை விடு. திருத்தம் போயிடுது, தப்பு நின்னுடுது. அந்த ஒரு வரி இல்லேன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

கட்டெறும்பு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த அம்மா மெஷின்ல இருக்கறது பழைய கர்னல். நான் புதுசுல சரி பண்ணா அது அவங்களுக்குத் தானாப் போகாது. பழசை வெச்சிருக்கறவங்களுக்குத் திருத்தம் அனுப்பறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அவங்க பார்க்கறது அந்த ஒரு வரியைத்தான். இந்தத் தப்பு எப்போ உள்ள வந்தது, யார் யார்கிட்ட இருக்குன்னு அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. வரி இல்லேன்னா திருத்தம் இங்கேயே நின்னுடும். அங்க மறுபடி கரண்ட் போகும். அந்தப் பிள்ளைங்க மறுபடி வரணும்."

ஒரு லிப்டில் பிரேக் பழுது என்று தெரிந்தால், அதே கம்பெனி, அதே வருடம் செய்த எல்லா லிப்டையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எது எது என்று தெரிவதற்காகத்தான் உள்ளே தகடு. யார் செய்தது, எப்போது செய்தது. தகடு இல்லாத லிப்டைப் பெரியப்பா ஓட விட்டதே இல்லை. கட்டட முதலாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியும் இருக்கிறார்கள். இது கட்டெறும்புக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அதை எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வாதாடியிருப்பார்.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மற்ற ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"அனுப்பு," என்றார்.

அதற்குக் கட்டெறும்பு சொன்னாள்:

(இங்கே ஒரு வரி வர வேண்டும். பெரியப்பா இன்னும் எழுதவில்லை.)

6

இதுவரை எழுதியதைக் கட்டெறும்பிடம் கொடுத்தார். அவர்கள் தொழிலில் யாருடைய எழுத்தும் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் உள்ளே போகாது என்று அவளே சொல்லியிருந்தாள். மாலையில் திரும்பி வந்தது. அவள் தொழில் வழக்கப்படி, அவர் வரியை மேலே வைத்து, கீழே தன் குறிப்பை எழுதியிருந்தாள். சில:

"'எல்லார் பார்வையும் தேள் மேல் போனது.' என் பார்வையும் போனது. அதையும் சேருங்கள்."

"'கட்டெறும்பு சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.' இல்லை. அன்றைக்கு முழுக்க மாப்பிள்ளையிடம் எரிந்து விழுந்தேன்." இதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: "சாட்சி: மாப்பிள்ளை."

"'பொறுப்பாளர் நன்று என்று எழுதினார்.' அவரும் பார்த்துத்தான் உள்ளே விட்டார், எல்லாரும் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் இதைக் கதையில் போட வேண்டாம். சாக்கு மாதிரி இருக்கும்."*

"ஐந்தாம் பகுதி, கடைசி வரி. பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஏன்?"

பெரியப்பா மற்றவற்றுக்கெல்லாம் பதில் எழுதினார். கடைசிக் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு அந்தப் புள்ளியை அடித்தார்.

---
* போட்டுவிட்டார். சாக்கு அல்ல, செய்தி. தன் வீட்டுப் பிள்ளைக்குச் சாதகமான ஓர் உண்மையை விட்டுவிடுமளவுக்கு நடுநிலைமை பெரியப்பாவிடம் இல்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

7

திருத்தத்தோடு கட்டெறும்பு தேளிடம் மன்னிப்பும் கேட்டு எழுதியிருந்தாள். தேளின் பதில் வந்தது. கட்டெறும்பு அதைப் பெரியப்பாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னாள். பெரியப்பா நேராக உட்கார்ந்து கேட்டார். கடைசி வரியில் கொட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

அவள் எழுதிய குறிப்பில் ஓரிடத்தில் தேவையில்லாத இடைவெளி விட்டிருக்கிறாளாம். அதைப் பற்றி ஒரு பத்தி. நிரலுக்குள் ஒரு மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் இடத்துக்கு, அவள் வைத்த பெயர் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லையாம். அதைப் பற்றி இன்னொரு பத்தி. சோதனைகளை எந்தெந்த வட்டில் செய்தாள் என்று விவரமாக எழுதியிருக்கலாமாம்.

"மன்னிப்புக் கேட்டதுக்கு?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணும் எழுதல."

"நன்றி?"

"இல்ல."

"நான் சொன்னேனில்ல? தேள் தேள்தான்."

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றாள். பேட்சின் அடியில், அவள் கையொப்பத்துக்குக் கீழே, தேள் தன் முழுப்பெயரைப் போட்டிருந்தார். நான் இதைப் படித்தேன், சோதித்தேன், இதற்கு நானும் பொறுப்பு என்று பொருள்படும் வரி அது. அவர்கள் வழக்கத்தில் அதற்கு மேல் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடியது இல்லை. நாளைக்கு அந்தத் திருத்தத்தில் ஏதாவது கோளாறு வந்தால் உதை இரண்டு பேருக்கும் சமம்.

பெரியப்பா அந்தப் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். மேலே அவர் அப்பாவின் பெயர், கீழே முகம் தெரியாத ஒருவரின் பெயர். நடுவில் வேறு வரி எதுவும் இல்லை.

"இவருக்கு வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டார். 'இவன்' 'இவர்' ஆனதை மாப்பிள்ளை கவனித்தார். வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வந்த பிறகு அவர் கற்றுக்கொண்டவற்றில் அது ஒன்று.

காது சோதிக்கும் பெண்ணுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. குழந்தைகள் திரும்ப வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு வாண்டு, போன தடவை எங்கெங்கே மணி அடித்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை அடிப்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டானாம். "இவனும் உங்கள் ஆள் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார். கட்டெறும்பு அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். அந்த வாரத்தில் அவள் அழுதது அப்போதுதான்.

8

இனி முடிவு.

பொறுப்பாளர் பதவியைப் பற்றி இதை எழுதும் நேரம் வரை ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மனிதர் சொற்களைச் செலவழிப்பவர் அல்ல என்பதை முன்பே சொன்னோம்.

முதல் முடிவு: அவர் "நன்று" என்று எழுதுகிறார், கட்டெறும்பு பொறுப்பாளர் ஆகிறாள். தங்கைக்கு இது பிடித்திருக்கிறது.

இரண்டாவது முடிவு: பதவி தேளுக்குப் போகிறது. கட்டெறும்பு ஒவ்வொரு பேட்சிலும் இடைவெளி சரியாக விட்டு அனுப்புகிறாள். மாப்பிள்ளைக்கு இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. தேளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்றும் தோன்றுகிறது.

மூன்றாவது முடிவு: இருவரும் சேர்ந்து—(இதைப் பெரியப்பா எழுதத் தொடங்கி நிறுத்தினார். எழுதிவிட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம். பகுத்தறிவுக்கு ஒவ்வாத பயம்தான்.)

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டெறும்பைக் கேட்டால், "தெரியல பெரியப்பா, வேலை கிடக்கு" என்கிறாள். ஐ.சி.யூ.வில் டிக், டிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எடுத்துக்கொள்கிற முடிவின் கீழே 'முடிந்தது' என்று மட்டும் குறி போடாதீர்கள். வட்டு இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரியப்பா செய்ய வேண்டிய வேலை வேறு ஒன்று பாக்கி இருக்கிறது. மறுப்பு. அதற்குத்தான் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிகள் அழியவில்லை. அழிந்தவை ஒரு பெண்ணின் கோப்புகள், அவையும் திரும்பச் சேர்க்கப்பட்டுவிட்டன. கட்டெறும்பை யாரும் வேலையிலிருந்து தூக்கவில்லை. பட்டன் என்று எதுவும் இல்லை. தாத்தாவின் பெயர் எங்கிருந்தும் நீக்கப்படவில்லை. தப்பு செய்த இடத்தில் ஒரு முறையும் சரிசெய்த இடத்தில் ஒரு முறையும் முழுதாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இவையெல்லாம் பழைய வதந்திகள். இப்போது குழுவில் புதிது ஒன்று ஓடுகிறது. கீழ்வீட்டுக்காரர் வழியாகக் கிளம்பியிருக்க வேண்டும். "பொண்ணு தயங்கி நின்னுச்சாம். பெரியப்பா எழுந்து நின்னு 'அனுப்பு'ன்னு ஒரே வார்த்தை சொன்னாராம். அதுக்கப்புறம்தான் அனுப்பிச்சாம். குடும்பம்னா இப்படி இருக்கணும்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். சித்தப்பாவின் மகன் இரண்டு முறை கூப்பியிருக்கிறான்.

பெரியப்பா இதைச் சில நாள் அப்படியே விட்டிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

அது பொய். அவர் எழுந்து நின்றதும், 'அனுப்பு' என்றதும் உண்மை. அதற்குக் கட்டெறும்பு சொன்ன பதில், ஐந்தாம் பகுதியில் வெறுமையாக விட்ட வரி, இது:

"அனுப்பிட்டுத்தான் பெரியப்பா சாப்பிடவே உட்கார்ந்தேன்."